அயலார் என்னும் சொல்

 

பெசன்ட் நகர்க் கடற்கரையில், ஊரூர் ஒல்காட் குப்பத்திற்குச் சற்றுத் தெற்கே, வெண்ணிற நினைவுச் சின்னமொன்று கடலை நோக்கி நிற்கிறது. திரைப்படக் காட்சிகளில் அதனைக் கண்டவர் பலர். அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வோரும் நாள்தோறும் உண்டு. அது யார் பொருட்டு எழுப்பப்பட்டது என்று அறிந்தோரோ சிலரே. ஷ்மிட் என்னும் டென்மார்க் நாட்டவர் 1930-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், கடலில் தத்தளித்தோரைக் காக்க முற்பட்டு, அவ்விடத்திற்கு அருகில் தம் உயிரை இழந்தார். கடல் கடந்து இங்கு வந்து, இக்கடலின் அழகைக் கண்டு மகிழ்ந்து சென்ற வெளிநாட்டார் எத்தனையோ பேர். அவர்களுள் ஒருவர் பெயரும் இந்தக் கரையில் கல்லாக நிற்கவில்லை. ஷ்மிட்டின் பெயர் நிற்கிறது. இதன் காரணத்தை எண்ணுவது பயனுடையது.

தமிழில் ‘அயல்’ என்னும் சொல் இரு முகம் கொண்டது. அயல்வீடு என்றால் அடுத்த வீடு. அயல்நாடு என்றால் கடலுக்கு அப்பாலுள்ள நாடு. சுவரை அடுத்து வாழ்பவரையும் முற்றிலும் பிறராக இருப்பவரையும் ‘அயலார்’ என்னும் ஒரே சொல்லால் சுட்டும் மொழி இது. பிறராக இருப்பவர் எப்போது பக்கத்து வீட்டாராக மாறுகிறார்? இவ்வினாவுக்கு விடை காண, தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் ரசிகர்கள் மேற்கொண்ட அயல்நாட்டுப் பயணம் ஈண்டுச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

நெடுந்தொடர் என்னும் வடிவம் அமெரிக்க வானொலியில் 1930-களில் வேர்கொண்டது. பகற்பொழுதில் வீட்டிலிருந்த மகளிரை எண்ணி எழுதப்பட்ட அக்கதைகளுக்குச் சவர்க்கார நிறுவனங்கள் பணம் தந்தமையால், ‘சோப்’ என்னும் பெயரே அவற்றுக்கு ஒட்டிக்கொண்டது. இந்தியாவில் தூர்தர்ஷன் 1984-இல் ஒளிபரப்பத் தொடங்கிய ‘ஹம் லோக்’ முன்னோடி. தமிழில் 1993-இல் தனியார் தொலைக்காட்சி வந்தபின் இவ்வடிவம் பெருகியது. 1999-இன் இறுதியில் தொடங்கிய ‘சித்தி’, அதன்பின் வந்த ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ ஆகியவை தமிழ் இல்லங்களின் மாலைப் பொழுதையே மாற்றி அமைத்தன.

இக்கதைகளை இலக்கியவாணர் பலர் எள்ளி ஒதுக்குவர். ஆயினும், இவற்றை இயக்கும் விசை தமிழர்க்குப் புதியதன்று. தலைவியின் களவு ஊரார் வாயில் மெல்ல அரும்புவதை அம்பல் என்றும், அது வெளிப்பட மலர்வதை அலர் என்றும் அக இலக்கிய மரபு பகுத்துப் பெயரிட்டது. நெடுந்தொடரின் ஒவ்வொரு நாட்கதையும் அம்பலில் தொடங்கி அலரில் முடிகிறது. பக்கத்து வீட்டார் கண்டது, கேட்டது, சொன்னது ஆகியவையே அதன் உயிர். அயலார் இல்லையேல் நெடுந்தொடரும் இல்லை.

இதனைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்ட தொடர் ஒன்று ஆஸ்திரேலியாவில் 1985-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் தொடங்கியது. ‘நெய்பர்ஸ்’ என்பது அதன் பெயர். ‘அயலார்’ என்பதே பொருள். ராம்சே தெரு என்னும் கற்பனைத் தெருவில் வாழும் சில குடும்பங்களின் கதை அது. 1986 அக்டோபரில் பிரிட்டனில் பி.பி.சி. அதனை ஒளிபரப்பத் தொடங்கியது. மேகமூட்டமும் மழையும் நிறைந்த நாட்டினர்க்கு, வெயிலும் புல்வெளியும் திறந்த கதவுகளும் கொண்ட அத்தெரு ஒரு கனவாயிற்று. கைலி மினோக், ஜேசன் டோனவன் ஆகியோர் நடித்த திருமணக் காட்சியை 1988 நவம்பரில் பிரிட்டனில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் கண்டனர். அதே காட்சியை ஆஸ்திரேலியர் 1987 ஜூலையிலேயே பார்த்து முடித்திருந்தனர். ஓராண்டுக்கும் மேற்பட்ட இந்த இடைவெளியால், அக்காலத்தில் பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியா சென்ற ரசிகை தன் கதைமாந்தரின் எதிர்காலத்தையே அங்கே கண்டாள் எனலாம்.

அவள் செல்வதற்கு வழியும் இருந்தது. பணியோடு கூடிய விடுமுறைக்கென ஆஸ்திரேலியா 1975-இல் ஒரு திட்டம் வகுத்தது. பிரிட்டன், அயர்லாந்து, கனடா ஆகிய நாடுகளின் இளைஞர்க்கு அது முதலில் திறந்தது. ஓராண்டு தங்கலாம், சுற்றிப் பார்க்கலாம், செலவுக்கு வேண்டிய பணத்தை அங்கேயே உழைத்துத் தேடலாம். பணியும் விடுமுறையும் எதிர்ச்சொற்கள் என்றே பழகிய தமிழ்ச் செவிக்கு இது விந்தையாகத் தோன்றும். பழந்தமிழ் அகமரபில் பொருள்வயிற் பிரிவு துயரத்திற்கு உரியது. பொருள் தேடப் போனவன் பாலையைக் கடக்கிறான், வீட்டில் இருப்பவள் நாளெண்ணுகிறாள். கடல்வழிச் செலவு மகளிரோடு இல்லை என்று தொல்காப்பியம் வரையறுத்ததாகவும் உரை கொள்வர். பொருளும் இன்பமும் ஒரே செலவில் அடங்க, அதனை ஒரு பெண்ணே தனித்து மேற்கொள்வது, மனித வாழ்வில் புதிய துறை.

அப்படிச் சென்ற ஒருத்தியை மனக்கண்ணால் பின்தொடரலாம். மெல்பர்ன் நகரின் கிழக்குப் புறநகரான வெர்மான்ட் சவுத்தில் பின் ஓக் கோர்ட் என்னும் சிறு முட்டுத்தெரு உண்டு. ராம்சே தெருவாகத் திரையில் தோன்றியது அதுவே. பல்லாயிரம் கல் தொலைவு பறந்து அங்கு வந்து சேர்பவள் காண்பது என்ன? வீடுகளின் முகப்பு மட்டுமே. கதை நிகழ்ந்த கூடங்களும் சமையலறைகளும் நுனாவாடிங் என்னுமிடத்துப் படப்பிடிப்புக் கூடத்தில் அட்டையாலும் பலகையாலும் கட்டப்பட்டவை. அவள் நன்கு அறிந்த அக்கதவைத் திறந்தால், உள்ளே இருப்பவர் அவள் சிறிதும் அறியாதவர்.

அத்தெருவில் மெய்யான குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்கள் குப்பை கொட்ட வெளியே வந்தனர், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பினர், நோயுற்றனர், உறங்கினர். ரசிகர் கூட்டம் ஓயாமையால் அத்தெருவுக்குக் காவலர் வைக்கவும் நேர்ந்தது. ‘அயலார்’ என்னும் கதையை நெஞ்சார நேசித்து வந்தவர்கள், அங்கே வாழ்ந்த மெய்யான அயலார்க்குத் தொல்லையாயினர். இந்த முரண் நகைப்புக்குரியது. அதே வேளையில் வருத்தத்திற்கும் உரியது. கதைமாந்தரின் துன்பத்திற்குக் கண்ணீர் சிந்தியவளுக்கு, அந்த வீட்டில் குடியிருந்தவரின் பெயரை அறியும் ஆவல் எழவில்லை.

ஆயினும், பணியோடு கூடிய விடுமுறையில் மற்றொரு பாதியும் உண்டு. கைப்பணம் கரைந்தபின் அவள் உழைக்கச் சென்றாக வேண்டும். உணவகத்தில் தட்டு கழுவுவது, முதியோரைப் பேணுவது, தோட்டங்களில் பழம் பறிப்பது முதலியவை அவளுக்கு வாய்த்த பணிகள். 2005-இல் ஒரு புதிய விதி வந்தது: வேளாண்மை போன்ற குறிப்பிட்ட தொழில்களில் ஊர்ப்புறத்தில் மூன்று திங்கள் உழைத்தவர் இரண்டாம் ஆண்டும் தங்கலாம். அந்த 88 நாள் உழைப்பில் ஏமாற்றப்பட்டோரும் உண்டு. குறைந்த கூலியும் நெருக்கடியான தங்குமிடமும் அங்கே பலமுறை பேசப்பட்ட குறைகள். பிரிட்டானியர்க்கு அவ்விதி 2024 ஜூலையில் நீக்கப்பட்டது. எனினும், முதுகு வளைந்து பழம் பறித்தவள் அந்த நாட்டின் வெயிலைத் திரையில் கண்டதைவிட மெய்யாக அறிந்தாள். உடன் உழைத்தவரின் மொழியும் பசியும் அவளுக்குத் தெரிந்தன. ராம்சே தெருவைப் பார்க்க வந்தவள் அதுவரை விருந்தினள். கூடையைச் சுமந்த அன்றுதான் அயலாள் ஆனாள்.

இத்தகைய கதைப் பயணம் தமிழர்க்கும் உண்டு. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள், வந்தியத்தேவன் சென்ற வழியைத் தேடி வீராணம் ஏரிக்கரைக்கும் பழையாறைக்கும் கோடிக்கரைக்கும் இன்றும் செல்கின்றனர். கோடிக்கரையில் இறங்குவோரின் கண்கள் படகோட்டும் பூங்குழலியைத் தேடுகின்றன. அவ்வூரில் விடியலில் மீன் பிரிக்கும் பெண்ணை அக்கண்கள் கடந்து போகின்றன. பூங்குழலியின் துணிவை வியந்தவர், இந்தப் பெண்ணின் துணிவைக் கேட்டறிய ஒரு நாழிகை நின்றால் போதும். கல்கியின் கதைக்கும் அதுவே தக்க வணக்கம்.

இப்போது மீண்டும் ஊரூர் ஒல்காட் குப்பத்திற்கு வரலாம். அடையாற்றின் முகத்துவாரத்திற்குத் தெற்கே, பிரம்மஞான சபையின் சோலைக்கு அருகில் அமைந்த மீனவர் குடியிருப்பு இது. இதன் பெயரிலேயே ஓர் அயல்நாட்டார் வாழ்கிறார். 1882 டிசம்பரில் அடையாற்றுக்கு வந்த அமெரிக்கரான ஒல்காட், 1894-இல் ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1907-இல் இங்கேயே மறைந்தார். வந்தார், கண்டார் என்பதோடு நில்லாமல் பள்ளி வைத்தவரின் பெயர் அயலார் நாவில் ஊர்ப்பெயராகத் தங்கிவிட்டது.

இந்தக் கடற்கரையும் ஒரு கதைக்களமே. முகத்துவாரத்தில், 1977-இல் வெள்ளத்தால் உடைந்த பாலம் திரைப்படத்தார்க்கு உகந்த இடம். மாலையில் காற்று வாங்க வருவோர் கடலைப் பார்க்கின்றனர், மணலைப் பார்க்கின்றனர், அந்தி வானைப் பார்க்கின்றனர். குப்பத்துத் தெரு அவர்கள் பார்வையில் படுவதில்லை. பட்டாலும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அளவிலேயே படுகிறது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது முதலில் அதன் முன் நின்றவை இத்தகைய குப்பத்து வீடுகளே. பின் ஓக் கோர்ட் குடும்பங்களுக்கு நேர்ந்தது வேறு வடிவில் இங்கும் நேர்கிறது. அங்கே கதையின் பொருட்டு வீட்டார் மறைந்தனர். இங்கே காட்சியின் பொருட்டுக் குடியினர் மறைகின்றனர்.

நெய்தல் திணைக்கு இரங்கல் உரிப்பொருள்; எற்பாடு சிறுபொழுது. மீன் விற்றுத் திரும்பிய பெண் எற்பாட்டுக்குப் பின் தொலைக்காட்சியின் முன் அமர்கிறாள். கடலுக்குப் போனவர் திரும்பும் வரை விழித்திருக்க வேண்டியவளுக்கு, நாளை என்ன ஆகுமோ என்று முடியும் கதை புதியதன்று. அவளது வாழ்வே ஒவ்வோர் இரவும் அப்படித்தான் முடிகிறது. பிறர் வீட்டுத் துயரைக் கண்டு அவள் இரங்கும்போது தன் துயரையும் சற்றே இறக்கி வைக்கிறாள். அவளை நெடுந்தொடருக்கு அடிமை என்று இகழ்வோர் நெய்தற் பாடலை மட்டும் போற்றுவது பொருந்துமா?

அவள் மகளுக்கு இன்று புதிய வழியொன்று திறந்திருக்கிறது. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் 2022-இல் ஏற்பட்ட வணிக உடன்படிக்கையின்படி, 18 முதல் 30 வயதுக்குட்பட்ட இந்தியர்க்கும் பணியோடு கூடிய விடுமுறை அனுமதி 2024 முதல் கிடைக்கிறது. ஆண்டுக்கு 1000 இடங்கள். பள்ளிக்குப் பின் ஈராண்டுக் கல்வியும், ஓரளவு ஆங்கிலமும், கைச்செலவுக்குப் பணமும் வேண்டும். விண்ணப்பித்தோருள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கின்றனர். உத்திரமேரூர்க் குடவோலை உருமாறி வந்தது போலும்! பிரிட்டானிய இளைஞர்க்கு அரை நூற்றாண்டாக அகலத் திறந்திருந்த கதவு இந்தியர்க்கு இப்போதுதான், அதுவும் ஒரு கீற்றாகத் திறந்திருக்கிறது. வளைகுடா நாடுகளின் வீடுகளில் விடுமுறையே இன்றி உழைக்கும் தமிழ்ப் பெண்களையும் இங்கே மறத்தலாகாது. அவர்களுக்குப் பயணம் இன்பச் செலவு அன்று. முற்றும் பொருள்வயிற் பிரிவே.

‘நெய்பர்ஸ்’ தொடர் 2022 ஜூலையில் நிறுத்தப்பட்டு, 2023-இல் மீண்டும் தொடங்கி, 2025-இல் நிறைவு பெற்றது. நாற்பது ஆண்டுக் கதை ஓய்ந்தது. பின் ஓக் கோர்ட் இனி வெறும் தெரு. அங்கே குடியிருப்போர் இப்போதேனும் தங்கள் பெயரால் அறியப்படுவர் என்று நம்பலாம்.

காட்சியிலிருந்து உறவுக்குச் செல்லும் முயற்சி ஊரூர் ஒல்காட் குப்பத்திலும் நடந்ததுண்டு. 2015-இல் குப்பத்து மக்களோடு இணைந்து டி.எம்.கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் முதலியோர் தொடங்கிய குப்பம் விழா, சபாக்களில் அமர்ந்து பழகியவர்களைக் குப்பத்து மணலில் அமர வைத்தது. கருநாடக இசையும் பறையும் அங்கே அருகருகே ஒலித்தன. ஒரு விழாவால் வேற்றுமை நீங்கிவிடாது என்ற குறை கூறப்பட்டது. அது உண்மையும் ஆகும். ஆயினும், அடுத்த தெருவில் பல்லாண்டு வாழ்ந்தும் குப்பத்திற்குள் அடிவைக்காதவர் சிலர் அன்று அடிவைத்தனர். அயல்நாட்டுக்குப் பறப்பதினும் அரிய பயணம் சில வேளை அடுத்த தெருவுக்குச் செல்வதே.

கவிஞர் பெருமக்கள் நிறைந்த இந்த அவைக்கு ஒரு வேண்டுகோள். கடலைப் பாடாத கவிஞர் இலர். அலையும் நிலவும் தமிழில் போதிய அளவு பாடப்பெற்றுவிட்டன. அடுத்த கவிதைக்கு முன் ஒருநாள், விடியற்காலையில், வலை இழுக்கும் நேரத்தில் ஒல்காட் குப்பத்துக்குச் செல்லலாம். கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க யாரும் மறுக்கமாட்டார்கள். உள்ளங்கை சிவந்தபின் கேட்கும் பெயர்கள் மறவாமல் நிலைக்கும்; எழுதும் சொல்லிலும் உப்பு ஏறும்.

ஷ்மிட் இந்தக் கடலின் அழகைப் பற்றி என்ன எண்ணினார் என்பதை இன்று யாரும் அறியார். தத்தளித்தோரை நோக்கி அவர் நீரில் இறங்கினார் என்பதைக் கல் சொல்கிறது. பிறராக வந்தவர் அந்த நொடியில் அயலார் ஆனார்.