ஒரே நேரத்துல ரெண்டு எம்.ஏ.: பொது நிர்வாகமும் ஊடகமும் சேர்த்துப் படிக்கலாமா?

பல்லடம் பக்கத்துலருந்து ஒரு தங்கச்சி போன வாரம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. கோயமுத்தூர்ல எம்.ஏ. இதழியல் சேர்ந்திருக்காங்க. "கூடவே பொது நிர்வாகமும் படிக்கணும்னு ஆசைங்கண்ணா. வீட்டுல, ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் எதுக்குன்னு கேக்கறாங்க. என்ன சொல்றது?" இன்னைக்கு எபிசோடு அந்தக் கேள்விக்குத்தான். நானும் இதே ரெண்டையும் சேர்த்துப் படிச்சவன். அதனால நான் பண்ணுன தப்பையும் சேர்த்தே சொல்லிடறேன்.

முதல் சந்தேகம், இது செல்லுமா? செல்லுமுங்க. 2022 ஏப்ரல்ல யு.ஜி.சி. இதுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டுது. ரெண்டு படிப்பையும் நேரடி வகுப்புலயே படிக்கலாம், வகுப்பு நேரம் மட்டும் மோதக் கூடாது. இல்லைன்னா ஒண்ணு நேர்ல, இன்னொண்ணு தொலைதூரக் கல்வியிலயோ ஆன்லைன்லயோ. ரெண்டுமே தொலைதூரமாவும் இருக்கலாம். பிஎச்.டி.க்கு இது பொருந்தாது. தொலைதூரப் படிப்பு நடத்தற நிறுவனம் யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றதா இருக்கோணும். உங்க கல்லூரியில இதுக்கு என்ன நடைமுறைன்னு அலுவலகத்துல முன்னாடியே கேட்டுக்குங்க. அசல் டி.சி. ஒண்ணுதான் கையில இருக்கும்.

நம்ம பக்கம் தோதா வர்ற வழி இது: பாரதியார் பல்கலைக்கழகத்துலயோ அதோட இணைஞ்ச கல்லூரியிலயோ ஊடகப் படிப்பு நேர்ல, பொது நிர்வாகம் இக்னோ மூலமா. இக்னோவுல எம்.ஏ. பொது நிர்வாகத்தைக் குறைஞ்சது ரெண்டு வருஷத்துல முடிக்கலாம், முடியலைன்னா நாலு வருஷம் வரைக்கும் நேரம் உண்டு. வெளிநாட்டுல 'டூயல் டிகிரி'ன்னா பெரும்பாலும் சில பாடங்களை ரெண்டு பக்கமும் கணக்குல எடுத்துக்குவாங்க, காலம் மிச்சமாகும். இங்க அப்படி இல்லைங்க. ரெண்டும் முழுப் படிப்பு, ரெண்டு ஃபீஸ், ரெண்டு அசைன்மென்ட்.

இப்ப என் தப்பு. இக்னோ தேர்வு ஜூன்லயும் டிசம்பர்லயும் வரும். நம்ம ஊர் செமஸ்டர் தேர்வு நவம்பர்-டிசம்பர்ல வரும். இதை நான் யோசிக்கவே இல்லை. முதல் டிசம்பர்ல ரெண்டு தேர்வு ஒரே நாள்ல வந்து நின்னுச்சு. ஒண்ணை ஜூனுக்குத் தள்ளுனேன். அதைவிடப் பெரிய தப்பு, ரெண்டையும் சம்பந்தமில்லாத ரெண்டு பாடமாப் படிச்சது. பகல்ல செய்தி எழுதறது, ராத்திரி நிர்வாகக் கோட்பாட்டை மனப்பாடம் பண்றது. அப்படிப் படிச்சா உங்க வீட்டுல சொல்றது சரிதான். ஒரு காலும் நிக்காது.

எனக்கு ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்தது கெயில் குழாய் விவகாரத்தைப் படிச்சப்பத்தான். கொச்சியிலருந்து பெங்களூருக்கு எரிவாயு கொண்டு போற குழாய். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரின்னு ஏழு மாவட்ட வயல், தோப்பு வழியா வழித்தடம் போட்டாங்க. 1962ஆம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு இருக்குது. அதும்படி நிலம் விவசாயி பேர்லதான் இருக்கும், குழாய் பதிக்கற உரிமை மட்டும் போயிடும். ஆனா அந்தப் பட்டையில வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. ஆட்சேபணை சொல்ல, அரசிதழ்ல அறிவிப்பு வந்ததுலருந்து 21 நாள்.

அரசிதழ யாருங்க தோட்டத்துல உக்காந்து படிக்கறாங்க? கொங்கு நாட்டுல தென்னை வெச்சவருக்கு மரம் நடக் கூடாதுன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். 2013ல போராட்டம் பெருசாச்சு. விவசாயிகளைக் கேளுங்கன்னு உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, மார்ச் மாசம் கோயமுத்தூர்ல கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்துச்சு. அப்புறம், நெடுஞ்சாலை ஓரமாக் கொண்டு போங்கன்னு மாநில அரசு சொல்லுச்சு. வழக்கு மேல போயி, 2016 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாத் தீர்ப்புச் சொல்லுச்சு.

யார் பக்கம் நியாயம்னு இங்க தீர்ப்புச் சொல்ல வரலைங்க. வரிசையைக் கவனிங்க. முதல்ல வழித்தடம், அப்புறம் போராட்டம், அதுக்கும் அப்புறம்தான் கேக்கறது. பொது நிர்வாகம் மட்டும் படிச்சவர், சட்டப்படி அறிவிப்புக் குடுத்தாச்சேம்பார். ஊடகம் மட்டும் படிச்சவர் மறியலைப் படம் பிடிப்பார். 21 நாள் அறிவிப்பை விவசாயிக்குப் புரியற தமிழ்ல, அந்த 21 நாளுக்குள்ளயே கொண்டு சேர்க்கோணும்னா ரெண்டும் தெரிஞ்ச ஆள் வேணும். அவர் சொல்ற பதிலைக் கோப்புல ஏத்தறதுக்கும் அந்த ஆள்தான் வேணும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4 இதைத்தான் சொல்லுது: பாதிக்கப்படறவங்களுக்கு முடிவோட காரணத்தை அரசே தெரிவிக்கோணும்.

இன்னொரு உதாரணம், அத்திக்கடவு-அவினாசித் திட்டம். 2024 ஆகஸ்ட் 17ல தொடங்கி வெச்சாங்க. 1,045 குளம், குட்டைக்குத் தண்ணி. ஆனா அது காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ வர்ற பவானியோட 'உபரி நீர்'. கோப்புல அது ஒரே ஒரு சொல்லு. ஊர்ல அதையே 'தண்ணி வரும்'னு கேட்டுக்கறோம். ஆத்துல உபரி இல்லாத வருஷம் குளம் காஞ்சா, அந்த ஒரு சொல்லை யார் முன்கூட்டியே விளக்கியிருக்கோணும்? ஆய்வுக்குத் தலைப்பு தேடறவங்க உங்க ஊர்க் குளத்துலருந்தே ஆரம்பிக்கலாம். கிராம சபையில உக்காந்து, என்ன பேசுனாங்க, என்ன தீர்மானம் எழுதுனாங்கன்னு ரெண்டையும் வெச்சுப் பாருங்க. களம் ஒண்ணுதான், ஆனா ரெண்டு படிப்புக்கும் தனித்தனியா எழுதுங்க.

வேலை? நேராவே சொல்றேன். ரெண்டாவது எம்.ஏ. இருக்குதுன்னு குரூப் தேர்வுல கூடுதல் மார்க் குடுக்க மாட்டாங்க. மாவட்டத்துக்கு மாவட்டம் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் இருக்குது. அங்க போக நினைச்சா, தேர்வு அறிவிப்புல என்ன தகுதி கேக்கறாங்கன்னு படிச்சுட்டு அப்புறம் ஃபீஸ் கட்டுங்க.

தங்கச்சி, வீட்டுல இப்படிச் சொல்லுங்க: "காலு ரெண்டு, போற ஊரு ஒண்ணு." அந்த ஊரு எதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா சேருங்க. தெரியலைன்னா ஒரு வருஷம் பொறுங்க, இக்னோ எங்கயும் ஓடிப் போயிடாது. அடுத்த வாரம் பார்க்கலாமுங்க.