குஞ்சும் கொழுப்பும்
(தோட்ட மண்டபமொன்றில் நிகழ்த்திய உரை)



பால்வெட்டு முடிந்து வீடு திரும்பிய பின்னும் ஓய்வு கொள்ளாது, கோழி வளர்த்துக் குடும்ப வருவாயைப் பெருக்குவோர் உங்களிடையே பலர் உளர். அத்தகைய தாயார் ஒருவரை அண்மையில் ஒரு தோட்டத்தில் சந்தித்தோம். மகளின் படிப்புச் செலவுக்கென ஐம்பது இறைச்சிக் கோழிக் குஞ்சுகளை அவர் வாங்கியிருந்தார். விரைவில் கொழுக்கட்டும் என்றெண்ணி, பலகாரம் பொரித்து எஞ்சிய பழைய எண்ணெயைத் தீவனத்தில் ஊற்றினார். பத்தே நாளில் குஞ்சுகள் கழியத் தொடங்கின, வளர்ச்சியும் குன்றிற்று. "பொட்டலத்தில் ஒரு பொடி விற்கிறார்கள், வாங்கலாமா ஐயா?" என்று அவர் கேட்டார். அவ்வினாவிற்கு விடையே இன்றைய உரை.

கொழுப்பு தீய பொருளன்று. ஒரு கிராம் மாவுச்சத்து ஏறத்தாழ 4 கலோரி ஆற்றல் தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். ஆயினும் கொழுப்பு நீரில் கரையாது. எண்ணெய்ச் சட்டியை வெறும் நீரில் கழுவினால் பிசுக்குப் போவதில்லை. சவர்க்காரம் இட்டால்தான் எண்ணெய் சிறு துளிகளாகப் பிரிந்து கழலும். கோழியின் குடலில் அப்பணியைச் செய்வது பித்தநீர். பிரிந்த துளிகளைச் செரிக்கச் செய்வது கணையத்தில் சுரக்கும் லைபேஸ் என்னும் நொதி. முதல் ஓரிரு வாரங்களில் குஞ்சுகளுக்கு இவ்விரண்டும் போதிய அளவு சுரப்பதில்லை. செரியாத கொழுப்பு எச்சத்தோடு வெளியேறுகிறது; தீவனத்திற்கு நாம் செலவிட்ட பணமும் அதனுடன் போகிறது.

இக்குறையை ஈடுசெய்யவே தீவனச் சேர்பொருள்கள் வந்துள்ளன. சோயாவிலிருந்து கிடைக்கும் லெசித்தின், அதனைப் பக்குவப்படுத்திய லைசோலெசித்தின், பித்த உப்புகள் ஆகியவை கொழுப்பைச் சிறு துளிகளாக்க உதவும். லைபேஸும் தனியே சேர்க்கப்படுவதுண்டு. செம்பனை எண்ணெய் போன்ற நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த எண்ணெய்கள் குஞ்சுகளுக்கு எளிதில் செரிப்பதில்லை. ஆதலின் அவை கலந்த தீவனத்தில் இச்சேர்பொருள்கள் பயன் தரக்கூடும்.

ஆயினும் மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, அளவு. ஒரு டன்னுக்கு 500 கிராம் சேர்க்க வேண்டிய பொருளாயின், 50 கிலோ மூட்டைக்கு 25 கிராமே ஆகும். கையால் கிளறி இதைச் சீராகக் கலத்தல் அரிது. ஆலையிலேயே கலந்த குஞ்சுத் தீவனத்தை வாங்குவதே நன்று.

இரண்டாவது, பழைய எண்ணெய். காறிப்போன எண்ணெய் வைட்டமின்களை அழிக்கும்; எச்சேர்பொருளும் அதனைத் திருத்தாது.

மூன்றாவது, பெயர் எழுதாத பொடி. அதில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்திருந்தால் எவ்வாறு அறிவோம்? மனிதர் உயிர்காக்கும் மருந்தாகிய கோலிஸ்டினை உணவுக் கால்நடைகளுக்கு அளிப்பதை மலேசியா 2019 சனவரி முதல் தடை செய்தது. கோழிக்குக் கண்டபடி மருந்தளித்தால், நாளை நம் குழந்தைக்கு நோய் வரும்போது அம்மருந்து பலிக்காமற் போகலாம்.

இளஞ்சூடு, தூய நீர், உலர்ந்த தரை ஆகிய மூன்றும் இல்லையேல் சேர்பொருளால் பயனில்லை. அந்தத் தாயார் பொடியை வாங்கவில்லை. எண்ணெயை நிறுத்தினார், நல்ல குஞ்சுத் தீவனம் வாங்கினார். வாரந்தோறும் தீவனத்தையும் கோழியையும் நிறுத்து, மகளின் பழைய பயிற்சிப் புத்தகத்தில் குறித்து வருகிறார். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். ஐயம் எழுந்தால் கால்நடை மருத்துவச் சேவைத் துறை அலுவலரை நாடுங்கள்.