பெண் படையினரின் அறக்காயம்: பதில் சொல்ல வேண்டியவர் யார்?

அறக்கட்டளைச் சொற்பொழிவு, கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்

கனடாவின் முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களம் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 1976 முதல் 2012 வரையான காலத்தில், படையிலிருந்து விலகியவர்களின் தற்கொலை மரணங்களைப் பொதுமக்களின் மரணங்களோடு அது ஒப்பிட்டது. ஆண்களுக்கு இந்த ஆபத்து பொதுமக்களைவிட 1.4 மடங்கு, பெண்களுக்கோ 1.8 மடங்கு. பெண் மனம் போரைத் தாங்காது என்று உடனே முடிவு கட்டுவோர் உண்டு. அது தவறு என்பதே என் வாதம். கனடாவில் போர்ப் பிரிவுகள் பெண்களுக்குத் திறந்தது 1989இல்தான். ஆய்வு எடுத்துக்கொண்ட காலத்தின் முதற்பகுதியில் பணியாற்றிய பெண்களுக்குச் சண்டைக் களம் பெரும்பாலும் மூடியே கிடந்தது. ஆகவே காரணத்தைக் குண்டுச் சத்தத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது.

வியட்நாம் போரிலிருந்து மீண்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க உளமருத்துவர் ஜோனதன் ஷே, 1994இல் வெளிவந்த தம் நூலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கினார். உயிருக்கு அஞ்சியதால் உண்டாகும் காயம் ஒன்று. எது சரியோ அதை அதிகாரத்தில் இருப்பவரே மீறும்போது உண்டாகும் காயம் மற்றொன்று. இரண்டாவதே அறக்காயம். பின்னர், 2009இல், பிரெட் லிட்ஸும் அவருடைய சகாக்களும் ஒருவர் தானே செய்ததையும் தடுக்கத் தவறியதையும் கண்ணால் கண்டதையும் இதில் சேர்த்தார்கள். அச்சம் காலப்போக்கில் தணியலாம். வெட்கமும் குற்றவுணர்வும், ஏமாற்றப்பட்டோம் என்ற கசப்பும் தணிவதற்குத் தனி மனிதரின் மனத்திடம் மட்டும் போதாது. தவறிழைத்தவர் பதில் சொல்லவும் வேண்டும்.

கனடியப் படையில் இந்தக் காயம் எங்கே உண்டானது என்பதற்குப் பொது ஆவணங்களே சாட்சி. உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி மரி தெஷாம் 2015இல் தந்த அறிக்கை, பெண்களை இழிவுபடுத்தும் பாலியல் பண்பாடு படைக்குள் வேரோடியிருப்பதையும், முறையிட்டால் தண்டனை தமக்கே வரும் என்ற அச்சத்தையும் பதிவு செய்தது. மறு ஆண்டு கனடியப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய கணக்கெடுப்பில், நிரந்தரப் படையிலிருந்த பெண்களில் 27.3 வீதத்தினர் படையில் சேர்ந்தபின் ஒருமுறையேனும் பாலியல் தாக்குதலுக்கு உள்ளானதாகச் சொன்னார்கள். 2022இல் அதே நீதிமன்றத்தின் மற்றொரு முன்னாள் நீதிபதி லூயிஸ் ஆர்பூர், இத்தகைய குற்றங்களைப் படைத்துறை நீதியிலிருந்து முற்றாக எடுத்துவிடப் பரிந்துரைத்தார். இடையில், 2021 டிசம்பர் 13 அன்று, தந்தை வழியில் தமிழரான அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் அனிதா ஆனந்த் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். பகைவரின் தோட்டாவை எதிர்பார்த்துச் சென்ற பெண்ணை அவருடைய மேலதிகாரியே தாக்கி, அமைப்பு அதை மூடி மறைத்தால், ஷே சொன்ன இலக்கணம் முழுமையாகப் பொருந்துகிறது.

எதிர்வாதங்களைத் தட்டிக் கழிக்க முடியாது. எண்ணிக்கையில் பெண்களின் தற்கொலைகள் ஆண்களுடையதைவிடக் குறைவு. சிறு எண்ணிக்கையில் மடங்குகள் பெரிதாகத் தோன்றும் என்பார்கள். உண்மைதான். ஆனால் படையில் சேர்வோர் உடலும் மனமும் சோதிக்கப்பட்டுத் தேர்வானவர்கள். பொதுமக்களைவிட நலமாக இருக்கவேண்டியவர்களிடம் ஆபத்து கூடியிருப்பதே விளக்கம் கோருகிறது. அறக்காயம் நோய்ப்பட்டியலில் தனி நோயாக இல்லை என்பது இன்னொரு மறுப்பு. இல்லாதிருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். இதை நோயென்று மட்டும் எழுதிவிட்டால் மாத்திரை கொடுத்ததோடு நிறுவனத்தின் கடமை முடிந்துவிடும்.

இனி நம் வீட்டு விடயம். போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பின் இலங்கை அரசின் புனர்வாழ்வு முகாம்களுக்குள் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் சென்றார்கள். அவர்களில் பெண்களும் பெருமளவில் இருந்தார்கள். இயக்கத்தையும் கனடியப் படையையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்பது நியாயமே. ஒன்று அரசின் படை. மற்றதைக் கனடா 2006இல் தடைசெய்தது. விரும்பிச் சேர்ந்தவர்களும், கடைசி ஆண்டுகளில் பலவந்தமாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். ஆயினும் காயத்தின் வகை ஒன்றே. கேட்பாரற்ற நிலை இந்தப் பெண்களுக்கு இன்னும் கடுமை. இலங்கைப் படையினர் கண்காணித்தார்கள், ஊர் சந்தேகித்தது, தடுப்பிலிருந்து மீண்ட பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிக் கிசுகிசுத்தது. புலம்பெயர்ந்த நாமோ மேடையில் வீராங்கனை என்று போற்றினோம். தன் அமைப்பையே ஒரு பெண் கேள்வி கேட்டபோது முகம் சுளித்தோம். இயக்கத்தின் மகளிர் அரசியல் பொறுப்பாளராக இருந்த தமிழினி 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். அவருடைய தன்வரலாறு 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016இல் வெளிவந்ததும், நூல் அவருடையதுதானா என்ற சர்ச்சை அதன் உள்ளடக்கத்தையே மறைத்துவிட்டது. போராட்டத்தின் மதிப்பைக் காக்கவே மௌனம் என்பவர்களிடம் கேட்கிறேன்: அந்த மதிப்புக்கு விலையாக யாருடைய உயிரைக் கொடுக்கிறோம்?

இந்தக் கோட்-டெ-நெய்ஜில் செய்யக்கூடியது உண்டு. இங்குள்ள யூத பொது மருத்துவமனையில் 1999 முதல் பண்பாட்டு ஆலோசனைச் சேவை இயங்குகிறது. தேவைக்கேற்ப மொழிபெயர்ப்பாளரையும் பண்பாடு அறிந்தவரையும் உடன் வைத்து அங்கே நோயாளரைப் பார்க்கிறார்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு இலக்கம் 2023 நவம்பர் முதல் நாடெங்கும் இயங்குகிறது. ஆனால் அதன் சேவை மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். தமிழில் அழ வேண்டிய முன்னாள் போராளி எங்கே போவார்? அவருக்கு இரண்டு பயங்கள்: தடைசெய்யப்பட்ட அமைப்பில் இருந்ததைச் சொன்னால் குடிவரவு வழக்குக் கெட்டுவிடும் என்பது ஒன்று, மொழிபெயர்ப்பவர் மூலம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்பது மற்றொன்று. கியூபெக் மனித உரிமைச் சாசனத்தின் 9ஆம் பிரிவு தொழில்சார் இரகசியத்தைப் பாதுகாக்கிறது. அதையும், உயிராபத்து போன்ற விதிவிலக்குகளையும் முதற் சந்திப்பிலேயே தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் ஊர்க்காரராக இருக்கலாமா, தமிழ்நாட்டிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்தவராக இருக்க வேண்டுமா, பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமா என்பதை அவரிடமே கேட்டு, அவர் சொல்கிறபடி அமர்த்த வேண்டும். அந்தச் செலவை இந்த அறக்கட்டளை ஏற்க வேண்டும் என்று அவையின் முன் வேண்டுகிறேன்.