பழம்பொருள் சேகரித்தலும் பேணலும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பழம்பொருள்களைப் பேணும் முறை பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். யான் பள்ளியிறுதி வகுப்போடு நின்றவன், இரயில்வேயில் எழுத்தர். ஆயினும் தாளோடும் கோப்போடும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழகியவன் என்னும் உரிமையால் இங்கே நிற்கிறேன்.

நம் நீலசந்திராவில் பல வீடுகளில் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதனுள்ளே பாட்டனார் ஊரிலிருந்து கொண்டுவந்த பத்திர நகல், உறவினர் எழுதிய கடிதக் கட்டு, மங்கிய திருமண அழைப்பிதழ், ஓட்டைக் காலணா இரண்டு, அஞ்சல்தலைகள் சில கிடக்கும். ஊரில் இருந்த வீடு விற்றாகிவிட்டது. இங்குள்ள ஓட்டு வீடுகளும் ஒவ்வொன்றாக இடிபட்டு மாடிகளாகின்றன. வீடு மாறுந்தோறும் அப்பெட்டி பழைய தாள் வாங்குவோரின் தராசை நோக்கி ஓரடி நகர்கிறது. நமக்கு அருகிலுள்ள தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள. அவை கொடையளித்த பெருமக்களின் வரலாற்றைச் சொல்லும். கூலி வேலைக்கும் ஆலை வேலைக்கும் இவ்வூர் வந்த நம் முன்னோர்க்குக் கல்வெட்டு யார் வெட்டினார்? அவர்தம் வரலாறு அத்தகரப் பெட்டியிலன்றி வேறெங்கும் இல்லை.

இவையெல்லாம் பணம் படைத்தோர் செயல் என்று எண்ணற்க. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்கள் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் நூல், இதழ் என்ற அளவில் நில்லாது, பிறர் கழித்தெறியும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையுங்கூடச் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பின்னர், ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பைச் சிகாகோப் பல்கலைக்கழகம் விலை கொடுத்துப் பெற்றது. பெற்றதைக் கடல் கடத்தாமல், 1994-இல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் அமையத் துணைசெய்தது. நோட்டீசு எதற்கு என்று அவரைக் கேட்டு நகைத்தோரும் இருந்திருப்பர்!

இதற்கு மாறான செய்தியும் உண்டு. ஏடு தேடி ஊரூராய் அலைந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றபோது, அங்கிருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அறிந்து நெஞ்சம் பதறினார். பகைமையால் செய்தாரல்லர், பழுதான ஏட்டைத் தீயிலிடுதலே முறை என்று நம்பிச் செய்தனர்.

இனி முறைகளுக்கு வருவேன். தாளுக்குப் பகை ஈரம், வெயில், பூச்சி ஆகிய மூன்றும் என்பதை யாவரும் அறிவர். நான்காம் பகை தாளினுள்ளேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழால் செய்யப்பட்ட மலிவுத் தாள்களில் புளிப்புத் தன்மை உண்டு. அதனாலேயே செய்தித்தாள் பழுத்து அப்பளம்போல் நொறுங்குகிறது. அடுத்திருக்கும் தாளையும் கறைப்படுத்துகிறது. ஆகவே கடிதங்களைச் செய்தித்தாளில் பொதிந்து வைக்கலாகாது. புளிப்பற்ற வெள்ளைத்தாள் உறைகள் கடைகளில் கிடைக்கின்றன. கிழிசலில் செலோடேப் ஒட்டுதலைப் போன்ற கொடுமை பிறிதில்லை. பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லாமினேஷன் செய்தாலும் பிறகு மீட்க இயலாது.

பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைக்க வேண்டும். சுவரை ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளி வைத்தல் நலம். மழைக்காலத்தில் நம் வீட்டுச் சுவர்கள் வியர்ப்பதை நீங்கள் அறிவீர்கள். பரணும் ஆகாது, பகலில் அங்கே அடுப்புச் சூடு. புதுக் காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறியாது உள்ளே இடலாம். காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். வேப்பிலை இடுவோர் நன்கு உலர்த்தி இடுக. பச்சிலையின் ஈரமே பூஞ்சைக்கு விருந்து. அந்துருண்டை பூச்சியை மட்டுமன்றி மனிதரையும் தாக்கும் நஞ்சு. கைக்குழந்தை உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.

அஞ்சல்தலை சேர்க்கும் இளைஞர்க்கு ஒரு சொல். 1948 ஆகஸ்டு 15-இல் வெளியான காந்தியடிகள் பத்து ரூபாய்த் தலை எத்துணை அரியது என்பதை அறிவீர்கள். பயன்படுத்தாத தலையின் பின்புறப் பசை ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் அதன் மதிப்புப் பெரிதும் குறையும். விலை மலிந்த பி.வி.சி. உறைகளை வாங்காதீர்கள், அவற்றிலிருந்து கசியும் பொருள் தலையையும் காசையும் கெடுக்கும். பாலியெஸ்டர் உறையே ஏற்றது. காசுகளைப் புளியிட்டுத் துலக்கும் வழக்கத்தை நம் தாய்மார்கள் குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டுகிறேன்! துலக்கிய காசுக்குச் சேகரிப்பாளரிடம் விலையில்லை. அரக்கு இசைத்தட்டுகளை அடுக்கிப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

என் தொழிலைச் சார்ந்த ஒன்றையும் கூறாமலிருக்க மனம் ஒப்பவில்லை. பெங்களூர்க் கன்டோன்மென்டுக்கு 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தது. எட்மன்சன் என்னும் ஆங்கிலேயர் வகுத்த சிறு அட்டைச் சீட்டை நெடுங்காலம் கையில் ஏந்தி நம்மவர் பயணம் செய்தனர். கணிப்பொறி வந்தபின் அது பெரும்பாலான நிலையங்களில் மறைந்தது. உங்கள் பெட்டியில் ஒன்று இருந்தால் காத்து வையுங்கள். கெட்டி அட்டையாதலால் எளிதில் கெடாது. இக்காலத்து வெப்ப அச்சுச் சீட்டுகளோ சட்டைப்பையிலேயே வெளுத்துவிடுகின்றன. மைசூரில் 1979-இல் அமைந்த இரயில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

வெள்ளம் புகுந்தால் என் செய்வது? 1966 நவம்பர் 4-இல் இத்தாலியின் பிளாரன்சு நகரில் ஆர்னோ ஆறு பெருகி நூலகங்களைச் சேற்றில் அமிழ்த்தியது. பல நாட்டு இளைஞர்கள் சேற்றில் நின்று நூல்களைக் கைமாற்றி மீட்டனர். நனைந்த தாளை வெயிலில் போடாது, நிழலில் மின்விசிறிக் காற்றில், இரண்டு நாளுக்குள் உலர்த்த வேண்டும். தவறினால் பூஞ்சை பிடிக்கும்.

படியெடுத்து வைத்தலும் இன்றியமையாதது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. இன்று கைப்பேசியாலேயே படம் எடுக்கலாம். ஆனால் படம் ஒரே கைப்பேசியில் இருந்தால் அஃதும் ஒற்றை ஏடுதான். ஊரில் உள்ள உறவினர்க்கும் ஒரு படி அனுப்புங்கள். படத்தின் பின்னே பெயரையும் ஆண்டையும் மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள். பெயரறியாத புகைப்படத்தைப் பேரன் யாரென்று கொள்வான்? எழுதச் சொல்ல வேண்டிய முதியவர்கள் இன்று நம் நடுவே, இதோ இம்முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

சங்கத்து இரும்புப் பீரோவில் மேல்தட்டு இரண்டு காலியாக உள்ளன. அவற்றை இப்பணிக்கென ஒதுக்கச் செயலாளர் இசைந்துள்ளார். பீரோ இப்போது ஒழுகும் மேற்குச் சுவரை ஒட்டி நிற்கிறது. வரும் ஞாயிறு காலை அதை நகர்த்த நான்கு இளைஞர்கள் தேவை.