முதியோர்க்கும் படிப்பு நாட்கள் வேண்டும்
(சங்க ஆண்டு விழாச் சொற்பொழிவு)



எழுத்தறிவுக்குப் பேர்போன நாட்டில் வாழ்கிறோம். பி. என். பணிக்கர் 1945-இல் தொடங்கிய நூலகச் சங்கமும், பின்னர் வந்த முதியோர் கல்வியும் இங்கே வேரூன்றின. 1991-இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதென அறிவிக்கப்பட்டது. நம் குடியிருப்பிலும் கையொப்பமிடத் தெரியாதவர் ஒருவருமில்லை. ஆனால் ஒரு கம்பன் பாட்டைச் சீர்பிரித்துப் பொருள் சொல்ல வல்லவர் எத்தனை பேர்? ஆதலால் கலை, இசை, நாடகம் ஆகியவற்றுக்கு முதியோர் படிப்பு நாட்கள் சில நடத்தவேண்டும் என்று வேண்டுகிறோம்.

ஷோரனூர்ச் சந்திப்பை அறியாத ரயில்வேக் குடும்பம் உண்டா? அதற்கருகே கூனத்தறையில் புலவர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தோல்பாவைக் கூத்து ஆடி வருகின்றனர். பத்திரகாளி கோயில்தோறும் கூத்துமாடம் என்னும் தனி மேடை; வெண்திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள்; மான்தோலில் வெட்டிய பாவைகள். பாடப்படுவதோ கம்பராமாயணம்! செய்யுள் தமிழில், விளக்கம் மலையாளம் கலந்த தமிழில், விடிய விடிய நடக்கும். தாரிகனோடு போரிட்டிருந்தமையால் இராம ராவண யுத்தத்தைக் காண இயலாத காளிக்காகவே இக்கூத்து என்பது ஐதிகம். ஆகவே மனிதர் ஒருவரும் வராவிடினும் கூத்து நில்லாது. பல இரவுகளில் மாடத்தின் முன் வெறுந்தரைதான். மலையாள நாட்டுக் காவுகள் கம்பனைக் காத்து நிற்க, தமிழராகிய நாம் தலையணையைக் காக்கிறோம்! (இரவு விழிப்பது ரயில்வேக்காரருக்குப் புதிதா என்ன?) கிருஷ்ணன்குட்டிப் புலவர் இக்கலையைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டு சென்றார், அவர் மைந்தர் இராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அரசு அறிந்துகொண்டது, நாம் அறியவேண்டாமா?

இசைக்கு நாம் எங்கும் போகவேண்டியதில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் பிறந்த மண் இது. அவர் 1951-இலும், பாலக்காடு மணி ஐயர் 1966-இலும் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றனர். பெயர்களைப் பெருமையாகச் சொல்கிறோம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பிக்கு எழுந்து விடுகிறோம். மிருதங்கம் பயிலும் பிள்ளை ஒருவன் முன்னமர்ந்து, ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை நம் கையால் போடவைத்தால், அடுத்த கச்சேரியில் காப்பி ஆறட்டும் என்று இருந்துவிடுவோம். நாடகமும் அப்படியே. மலையாள இசை நாடகத்துக்கு வழிகாட்டியவை இங்கு வந்துபோன தமிழ் நாடகக் குழுக்கள் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

மெல்லிசைக் குழுவை அழைத்தால்தான் கூட்டம் சேரும் என்பார் உளர். அழைக்கட்டும், நாமும் கேட்போம். ஆயினும் சங்கப் பணம் முழுவதும் அந்த ஓரிரவுக்கே போவது முறையன்று. படிப்பு நாளுக்கு வேண்டியது ஒரு பாயும் ஒரு புத்தகமுமே.

முதலில் கும்பகருணன் வதைப் படலத்தை இரண்டு ஞாயிறு மாலைகளில் படிப்போம். தமிழெழுத்து அறியாதவர் கேட்டால் போதும்; பாட்டிமார் அவசியம் வரவேண்டும். பின்னர்க் கூத்துக் காலத்தில் கவளப்பாறை ஆரியங்காவுக்குச் சேர்ந்து செல்வோம். இரவுப் பணியுள்ளோர் பெயரை இப்பொழுதே செயலாளரிடம் கொடுத்தால், முறை மாற்றிக்கொள்ள வசதியாயிருக்கும்.