முழு அளவும் கட்டற்ற பகுதியும்

இம்மாநாட்டின் தலைமை பெருமைக்குரியது. அளவீட்டு முறைகளையே வகுத்தவர்கள் அவையில் அமர்ந்திருப்பதால் தயக்கத்துக்கும் உரியது. வயதுவந்த ஆணின் குருதியில் டெஸ்டோஸ்டீரோன் ஆண்டுகளோடு எவ்வாறு மாறுகிறது என்னும் மாநாட்டுப் பொருளின் அடிப்படைகளை அவையோர் அறிவர். காலையில் குருதி எடுக்க வேண்டும் என்பதிலும், எதிர்ப்புப்பொருள் முறைகளைவிட நிறைநிறமாலை முறை நம்பகமானது என்பதிலும் இன்று பெரிய பிணக்கு இல்லை. உடற்பருமனற்ற 19 முதல் 39 வயது ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 264 முதல் 916 நானோகிராம் என்ற பொது வரம்பும் 2017இல் வெளியாகிவிட்டது.

எதை அளப்பது என்பதே இன்னும் தீராத வினா. குருதியிலுள்ள டெஸ்டோஸ்டீரோனில் பெரும்பகுதி, பாலின ஹார்மோன் பிணைப்புப் புரதத்தோடு இறுகவும் ஆல்புமினோடு தளர்வாகவும் ஒட்டியிருக்க, எதனோடும் ஒட்டாத கட்டற்ற பகுதி சுமார் 2 விழுக்காடே. வயது ஏற ஏறப் பிணைப்புப் புரதம் பெருகுவதால், கட்டற்ற பகுதி முழு அளவைவிட விரைந்து குறைகிறது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் வெர்மூலனும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 1972இலேயே இதை எழுதினர். கட்டற்ற பகுதியைக் கணக்கிடும் அவருடைய 1999ஆம் ஆண்டு வாய்பாட்டை நாள்தோறும் கையாள்வோர்கூட அம்முதற் கட்டுரையைப் புரட்டுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது. அம்முதற் கட்டுரைக்கு முப்பது ஆண்டுகள் கழித்து மாசசூசெட்ஸ் ஆண் முதுமை ஆய்வு, வெவ்வேறு வயதினரை ஒப்பிட்டு, முழு அளவு ஆண்டுக்கு 0.8 விழுக்காடும் கட்டற்ற பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடும் குறைவதாகக் கண்டபோது, கெண்ட் முடிவே வலுப்பெற்றது.

தம் உடல்நலம் மிக நன்று என்று கூறிய, நாற்பதைக் கடந்த ஆண்களிடம் வயதால் வீழ்ச்சி இல்லை என்று 2012இல் காட்டிய ஆஸ்திரேலிய அறிஞர்களின் உழைப்பு மதிக்கத்தக்கது. உடற்பருமனும் நோயும் விளைக்கும் குறைவை முதுமையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்னும் அவர்களது எச்சரிக்கையும் ஏற்கத்தக்கதே. ஆயினும் அவர்கள் நிலையாகக் கண்டது முழு அளவை. பிணைப்புப் புரதம் ஏறும்போது முழு அளவு நிலைத்து நின்றால் கட்டற்றது குறைந்தே ஆக வேண்டும். வாய்பாடுகள், பிணைப்பு வலிமைக்கு முன்கூட்டியே கொள்ளும் மதிப்புகளைச் சார்ந்து பிழைபடலாம் என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு மருந்து, சவ்வின் வழியே கட்டற்ற மூலக்கூறுகளைப் பிரித்தளக்கும் சமநிலைக் கூழ்மப்பிரிப்பை அளவுகோலாகக் கொள்வதேயன்றி, கருத்தையே கைவிடுவதன்று. கைவிட வேண்டியவை, கட்டற்ற பகுதியை நேரடியாக அளப்பதாகக் கூறும் ஒப்புப்பொருள் சோதனைகள். அவை பிழையானவை என்று ஆய்வாளர் ரோஸ்னர் 2001இலேயே கண்டித்தும் அவற்றின் முடிவுகளைக் கட்டுரைகளில் இடம்பெற விட்டது இத்துறையின் குறை.

ஐரோப்பிய ஆண் முதுமை ஆய்வின் 2016ஆம் ஆண்டுக் கட்டுரை வழக்கை ஏறக்குறைய முடித்துவிடுகிறது. முழு அளவு இயல்பாக இருந்தும் கட்டற்றது குறைந்தோரிடம் ஹார்மோன் குறைபாட்டின் அறிகுறிகள் காணப்பட்டன. முழு அளவு குறைந்தும் கட்டற்றது இயல்பாக இருந்தோர் பெரும்பாலும் இளையவர்களும் பருத்தவர்களுமாக இருந்தனரேயன்றி, அவ்வறிகுறிகள் அவர்களிடம் இல்லை. முழு அளவை மட்டும் நோக்கும் மருத்துவர் முதலாமவரைத் திருப்பி அனுப்பி, இரண்டாமவருக்கு ஊசி போடுவார். ஆகவே பிணைப்புப் புரதத்தையும் ஆல்புமினையும் உடன் அளக்காத எந்த வயதுவாரி அட்டவணையையும் இனி வெளியிடுவதில்லை என்று இம்மாநாடு தீர்மானிக்க வேண்டும்.