மைவாடியில் ஒரு காற்றாலை

கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்வந்தவர்கள் ஆரல்வாய்மொழியை மறந்திருக்க மாட்டீர்கள். சாலையின் இரண்டு பக்கமும், மலையடிவாரம் வரைக்கும், காத்தாடிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதுதான் முப்பந்தல். அதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, மேற்கே கல்வராயன் மலையைப் பார்க்கும்போது ஒரு கேள்வி வருவது இயல்பு. நமக்கும் மலை இருக்கிறது, ஆடியில் கூரைத் தகரம் தடதடக்கும் அளவுக்குக் காற்றும் அடிக்கிறது. பிறகு ஏன் தெற்கே மட்டும் அத்தனை காற்றாலைகள்?

மலை இருப்பது போதாது. மலையில் ஒரு வாசல் இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையில் ஏறியதும் மேற்குத் தொடர்ச்சி மலை அதை மறிக்கிறது. மலை எங்கே விட்டுக்கொடுக்கிறதோ அங்கே காற்று நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே புகுகிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய நான்கு கணவாய்களை ஒட்டித்தான் தமிழ்நாட்டின் பெரிய காற்றாலைத் தொகுதிகள் எல்லாம் இருக்கின்றன. கல்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. கணவாயில் குவிந்த காற்று நம் பக்கம் வருவதற்குள் சமவெளியில் பரந்து வேகம் தணிந்துவிடுகிறது.

வேகம் கொஞ்சம் தணிந்தால் என்ன என்று கேட்கலாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது. வினாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் வீசும் இடத்தையும் ஏழு மீட்டர் வேகத்தில் வீசும் இடத்தையும் ஒப்பிட்டால், நம் முகத்துக்கு அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஆற்றலில் இரண்டே முக்கால் மடங்கு ஏறிவிடுகிறது. கடன் வாங்கிக் காற்றாலை நிறுத்துகிறவருக்கு அது லாபத்துக்கும் நட்டத்துக்கும் உள்ள தூரம். அதனால்தான் முதலில் உயரமான கம்பம் நட்டு, குறைந்தது ஓர் ஆண்டாவது காற்றை அளந்து பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழில் சிறியதாகத்தான் தொடங்கியது. 1986-இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் அரசு முயற்சியாக நிறுவிய எந்திரங்கள் ஒவ்வொன்றும் வெறும் 55 கிலோவாட். 1990-களில் ஒரு வரிச்சலுகை நிலைமையை மாற்றியது. காற்றாலைக்குப் போட்ட முதலீடு முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று ஆனதும் நூற்பாலைகளும் சிமெண்ட் ஆலைகளும் தெற்கே நிலம் தேடி ஓடின. கோவையிலும் திருப்பூரிலும் ஓடும் நூற்புக் கதிர்களுக்கு முப்பந்தல் காற்று மின்சாரம் தந்தது. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. எந்திரங்களும் பெருத்துவிட்டன. ஒரே எந்திரம் இரண்டு, மூன்று மெகாவாட் தருகிறது. அதன் இறக்கை ஒன்றே ஐம்பது, அறுபது மீட்டர் நீளம். கல்வராயனில் வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளை நினைத்துப் பாருங்கள். அந்த நீளத்தை அங்கே திருப்புவது எப்படி?

ஒரு காற்றாலையின் அடியில் போய் நின்றால் முதலில் கவனத்துக்கு வருவது அதன் கதவு. கோபுரத்தின் அடியில் இரும்புக் கதவு. உள்ளே கட்டுப்பாட்டுப் பெட்டி. மேலே போக ஏணி. இடுப்பில் பெல்ட் மாட்டி ஏறும் டெக்னீஷியன் உச்சிக்குப் போய்த்தான் கியர்பாக்ஸ் எண்ணெயைப் பார்க்க வேண்டும், பிரேக்கைப் பார்க்க வேண்டும். பெரிய வேலைகளைக் காற்று ஓய்ந்திருக்கும் மாதங்களிலேயே முடித்துவிடுவார்கள். வைகாசி பிறந்துவிட்டால் ஒரு நாள் நின்றாலும் இழப்பு. ஆண்டு உற்பத்தியில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரைதான் கிடைக்கிறது. வெளியே டிரான்ஸ்பார்மர், அதையடுத்து மீட்டர். மாதந்தோறும் மின்வாரிய ஊழியரும் ஆலைத் தரப்பு ஆளும் சேர்ந்து அந்த மீட்டரைப் படிக்கிறார்கள். அதில் இரண்டு கணக்கு உண்டு. கொடுத்த யூனிட் ஒன்று, வாங்கிய யூனிட் இன்னொன்று. ஆம், காற்றாலையும் மின்சாரம் வாங்குகிறது. காற்று வரும் திசைக்குத் தலையைத் திருப்பும் மோட்டாருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். லைன் செத்துவிட்டால் எவ்வளவு காற்று அடித்தாலும் எந்திரத்தை நிறுத்தத்தான் வேண்டும். லைன் நன்றாக இருந்தும் நிறுத்தச் சொல்லும் வேளைகள் உண்டு. வாங்க ஆளில்லாமல் மின்சாரம் மிஞ்சினால் 'பேக் டவுன்' என்று உத்தரவு வரும். காற்று சும்மா போகும். காற்றாலைக்காரர்களின் நீண்டகால வருத்தம் அது.

இதையெல்லாம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி. நீலகிரி மலையின் காலடியில், பழங்குடிக் குடியிருப்புகளையும் தன் எல்லைக்குள் கொண்ட ஊர் அது. 1996-இல் ஆர். சண்முகம் அங்கே தலைவரானார். குடிநீர்த் திட்டங்கள் வந்தன, தெருவிளக்குகள் கூடின, கூடவே மின்கட்டணமும் ஏறியது. மாதம் சில ஆயிரமாக இருந்தது ஐம்பதாயிரம் ரூபாய் அளவுக்குப் போனது. முதலில் மரக்கழிவிலிருந்து வாயு எடுத்துக் குடிநீர் மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள். சூரிய ஒளி விளக்குகள் போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் காற்றாலை யோசனை வந்தது. ஆனால் ஓடந்துறையில் அதற்கான காற்று இல்லை.

காற்று இல்லையே என்று அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. சுமார் 110 கிலோமீட்டர் தள்ளி, உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து விழும் இடத்தில், 2006-இல் ஊராட்சியின் பெயரில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்று நிறுவப்பட்டது. விலை ஒரு கோடியே 55 லட்சம். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம். மீதி ஒரு கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். மைவாடியில் உற்பத்தியாகும் மின்சாரம் அங்கேயே வாரியத்தின் கம்பியில் ஏறிவிடுகிறது. வருமானம் ஓடந்துறைக் கணக்கில் சேர்கிறது. கடன் தவணையும் அதிலிருந்தே போனது.

கணக்கைப் பாருங்கள். 350 கிலோவாட் எந்திரம் ஆண்டு முழுக்க முழு மூச்சில் ஓடினால் 30 லட்சம் யூனிட்டுக்கு மேல் வர வேண்டும். ஓடந்துறைக்குக் கிடைப்பதாகச் சொல்லப்பட்டது ஆறே முக்கால் லட்சம் யூனிட், அதாவது நூற்றுக்கு 22 பங்கு. தை, மாசியில் இறக்கை சும்மா நிற்பதையும் சேர்த்த கணக்கு இது. அப்படியும் ஊராட்சியின் தேவையாகக் கணக்கிட்ட நாலரை லட்சம் யூனிட்டை அது தாண்டிவிட்டது. இதைச் செய்தது ஆலை முதலாளி இல்லை, பெரிய நிறுவனமும் இல்லை. குடிநீர் வரியும் வீட்டுவரியும் வசூலிக்கிற ஓர் ஊராட்சி. எனக்கு முப்பந்தலின் ஆயிரக்கணக்கான காத்தாடிகளைவிட மைவாடியின் இந்த ஒன்று பெரிதாகப் படுகிறது.

மக்களே காற்றாலைக்குச் சொந்தக்காரர்களாவது வெளிநாட்டிலும் நடந்திருக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு எதிரே, கடலுக்குள், 2000-ஆம் ஆண்டில் இருபது காற்றாலைகள் நிறுவப்பட்டன. அவற்றில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் பங்கு போட்ட கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். தேவையென்று பட்டால் சாதாரண மனிதர்கள் சேர்ந்து வாங்க முடிகிற பொருள்தான் காற்றாலை.

இனி நம் மலைக்கு வருவோம். கல்வராயனில் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆதிக்கம் இருந்தது. அதன் பிறகுதான் அரசு நேரடியாக உள்ளே வந்தது. அதனால் நிலம், பட்டா என்பவை இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்குத் தாமதமாகக் கிடைத்த உரிமைகள். இன்னும் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். காட்டு நிலத்தில் பழங்குடிகளின் உரிமையை ஏற்கும் வன உரிமைச் சட்டம் வந்ததும் ஓடந்துறையின் காற்றாலை நிறுவப்பட்ட அதே 2006-இல்தான். தெற்கே காற்றாலைக்காகத் தரகர்கள் ஏக்கர் ஏக்கராக நிலம் வாங்கியபோது, மானாவாரிக் காட்டை விற்றவர்களுக்குக் கிடைத்தது ஒருமுறை வந்த பணம் மட்டும். முப்பது ஆண்டு சுற்றிய இறக்கையின் வருமானம் வேறொருவருக்குப் போனது. மரவள்ளியும் சாமையும் விளைகிற மேட்டை அப்படி இழக்கும் நிலை இங்கே வரக்கூடாது. காற்றாலைக்காகக் காட்டுக்குள் அகலச் சாலை வெட்டவும் வேண்டாம் என்பதே என் எண்ணம்.

ஆனால் ஓடந்துறை வழி நமக்கும் திறந்திருக்கிறது. நம் ஊராட்சிகளின் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். குடிநீர் மோட்டார், மேல்நிலைத் தொட்டி, தெருவிளக்கு. குக்கிராமங்கள் சிதறிக் கிடப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார், தனி மின் இணைப்பு. 2006-இல் ஒன்றரைக் கோடிக்குக் கிடைத்த சின்ன எந்திரம் இன்று புதிதாகக் கிடைப்பது அரிது. இன்றைய எந்திரத்தின் விலை பல கோடி. ஓர் ஊராட்சியால் முடியாது. ஊராட்சி ஒன்றியத்து ஊராட்சிகள் சேர்ந்தால், மாநில அரசும் கைகொடுத்தால், முடியும். இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. நல்ல காற்றுள்ள இடங்களைப் பழைய சிறு எந்திரங்கள் அடைத்துக்கொண்டிருப்பதால், அவற்றை எடுத்துவிட்டுப் பெரியவற்றை வைக்கத் தமிழ்நாடு அரசு 2024-இல் கொள்கை ஒன்று அறிவித்தது. அப்படி மாறும் இடங்களில் ஒரு பங்கை மலை ஊராட்சிகளுக்கு என்று ஒதுக்கலாம். யூனிட்டைச் சேமித்துவைக்கும் 'பேங்கிங்' விதிகள் புதிய காற்றாலைகளுக்கு இறுகிவிட்டதால் கணக்கை இன்னும் கவனமாகப் போட வேண்டியிருக்கும்.

இதற்கு முதல் வேலை மிகச் சின்னது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள்: நம் ஊராட்சிக்கு எத்தனை மின் இணைப்புகள் இருக்கின்றன, கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஒவ்வொன்றிலும் எத்தனை யூனிட் ஓடியது, எவ்வளவு கட்டினோம்? அதை ஒரே தாளில் எழுதிக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். ஓடந்துறையும் தன் மின்கட்டண ரசீதிலிருந்துதான் தொடங்கியது.